அளக்காமல் எழுதிய ஒன்று புள்ளி ஏழு

ஓரிடத்தில் நில்லாத என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் இன்றோடு இருபத்தாறு நாள். நம் சலவை ஷெட்டில் உன் இஸ்திரி மேசை அப்படியேதான் கிடக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. போர்ட் கொச்சி ஹோட்டல்காரர்கள் மட்டும் நிறுத்தவில்லை, மூட்டை மூட்டையாக விரிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் பழையபடி கரி இஸ்திரிப் பெட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். சுவிட்சைத் தொடவே பயமாக இருக்கிறதாம். அந்தப் பயத்தை யாரிடம் வந்து சொல்கிறார்கள் தெரியுமா? என்னிடம்தான். நான்தானே எஞ்சினியர்.

நேற்று முருகேசன் மாமா வீட்டுக்கு வந்தார். நாற்பத்தொன்றாம் நாளுக்கு நம் சலவைத் தொழிலாளர் சங்கத்தில் உனக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். "சங்கத்துல நீதான் பெரிய படிப்புப் படிச்சவ பாப்பா. அக்காளப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு. படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள் நான், என் தமிழில் பிழை இருக்கும். பிழையை மாமா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்லிவிட்டேன்.

நல்லதாக எழுத எனக்கும் ஆசைதான். மட்டாஞ்சேரியில் உன்னைப் போல வாயாடி இன்னொருத்தி உண்டா? ஒரு தலையணை உறை குறைகிறது என்று கத்திய ஹோட்டல் மேனேஜரைக் கூட்டிக்கொண்டு அறை அறையாகப் போய், அதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் கையாலேயே எடுக்க வைத்தவள் நீ. நீ பாட ஆரம்பித்தால் எதிர்வீட்டுச் சேச்சி ஜன்னலைச் சாத்துவாள். அதற்காகவே இன்னும் சத்தமாகப் பாடுவாய். இதையெல்லாம் எழுதி ஒரு பூவும் வரைந்து கொடுத்தால் மாமாவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான் எலெக்ட்ரிக்கல் எடுத்தபோது சிரிக்காதவள் நீ ஒருத்திதான் என்று எழுதினால் மலருக்கு அழகு. ஆனால் நீதான் முதலில் சிரித்தாய். "எதுக்குடீ? சுரிதாரைத் தூக்கிச் சொருகிக்கிட்டு கரண்டுக் கம்பத்துல ஏறப் போறியா குட்டி?" என்று கேட்டாய். அப்புறம் நான் மூன்றாம் வருஷம் படிக்கும்போது வீட்டில் கரண்டுப் பீஸ் போய் இருட்டானதே, ஞாபகம் இருக்கிறதா? டிரான்ஸ்பார்மருக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டவள், பீஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். நீ அதைப் பிடுங்கி, கம்பியைச் சுற்றி, பட்டென்று போட்டாய். லைட் எரிந்தது. "மூணு வருஷமா என்னத்தடீ படிச்சே?" என்றாய்.

என்னத்தைப் படித்தேன் என்று இப்போது சொல்கிறேன். எர்த் டெஸ்டர் என்று ஒரு கருவி உண்டு. ஒரு கட்டிடத்தின் கரண்டுக் கசிவை மண் எவ்வளவு நன்றாக வாங்கிக்கொள்ளும் என்று அளந்து சொல்லும். ஓம் என்ற கணக்கில் எண் வரும், எண் சின்னதாக இருந்தால் நல்லது. எங்கள் லேபில் மண்ணே கிடையாது. ஒரு மரப்பலகையில் நாலு திருகாணி, அதில் வயரை மாட்டி ரீடிங் எடுப்போம். ரீடிங் சரியாக வராவிட்டால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுவோம், அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று கடைசி எண்ணை மட்டும் மாற்றுவோம். ரெக்கார்ட் நோட்டில் சிவப்பு டிக் விழும். யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. எல்லாரும் செய்வதுதானே.

படிப்பு முடிந்தபின் பத்து மாதம் நான் அலைந்தது உனக்குத் தெரியும். காலேஜுக்கு வந்த கம்பெனிகள் எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிகள். என் கூடப் படித்தவர்கள் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் தலைமுழுகிவிட்டு அங்கே போய் உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் வீம்பு. கரண்டு படித்தவள் கரண்டு வேலைக்குத்தான் போவேன் என்று நின்றேன். போன இடமெல்லாம் ஒரே பதில், சைட்டுக்கு லேடீஸ் வேண்டாம். ஒரு இடத்தில் போன் எடுக்கிற வேலை இருக்கிறது, உட்காருகிறாயா என்று கேட்டார்கள். அன்று நான் அழுதுகொண்டு வந்தபோது நீ கிண்டல் செய்யவில்லை. தேய்த்த விரிப்பை மடித்துக்கொண்டே, "அவனுங்க கெடக்கறானுங்க. நாளைக்கு வேற எடத்துக்குப் போ" என்றாய்.

போனேன். இடக்கொச்சிப் பக்கம் ஒரு காண்டிராக்டர் என்னை எடுத்துக்கொண்டார். அவர் பெயரை எழுதவில்லை, சார் என்றே வைத்துக்கொள்வோம். ஹோட்டல், சரக்குக் கிட்டங்கி, கல்யாண மண்டபம் என்று வருஷத்துக்கு ஒருமுறை வயரிங் சோதனை செய்து ரிப்போர்ட் கொடுப்பது அவர் தொழில். ஹெல்மெட்டும் அடையாள அட்டையும் கொடுத்தார். நீ அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஷெட் முழுக்க ஒரு சுற்று சுற்றினாய்.

முதல் இரண்டு வாரம் நான் நிஜமாகவே அளந்தேன் அக்கா. இதையாவது நீ நம்ப வேண்டும். எர்த் அளக்க, எர்த் குழாய் புதைத்த குழியிலிருந்து நேர்கோட்டில் தள்ளித் தள்ளி இரண்டு கம்பிகளை மண்ணில் அடிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் மண் எங்கே இருக்கிறது? கிட்டங்கியை ஒட்டிக் கிட்டங்கி, நடுவில் டைல்ஸ் பதித்த சந்து. ஒரு இடத்தில் அளக்கவே அரை நாள் ஆகும். மூன்றாவது வாரம் சார் கூப்பிட்டார். "மோளே, ஒரு நாளைக்கு ஒரு சைட்டா? இப்படிப் போனா நாம கடையைப் பூட்டணும். இங்க அடியில உப்பு வெள்ளம். எர்த் எப்பவும் சூப்பரா இருக்கும். போன வருஷத்து ரிப்போர்ட்டைப் பாத்து ஒரு புள்ளி கூட்டி எழுது. குறைக்காதே, கூட்டி எழுது. அப்பத்தான் நேரா அளந்த மாதிரி தோணும்" என்றார்.

லேபில் செய்ததேதான். அதனால்தானோ என்னவோ, கை கூசவில்லை. உப்புத் தண்ணீர் நிற்கிற மண்ணில் எர்த் நன்றாக இருக்கும் என்பது உண்மை. அதே உப்பு, மண்ணில் புதைத்த இரும்புக் குழாயை அரித்துத் தின்னும் என்பதும் உண்மை. இது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதி ஐந்தும் வாங்கியிருக்கிறேன்.

மாசியில் நம் ஷெட் முறை வந்தது. நான் சோதித்த இடங்களிலேயே கம்பி அடிக்க மண் இருந்த ஒரே இடம் அதுதான். பின்னால் துணி காயப்போடும் மைதானம் முழுக்கப் புல்லும் மண்ணும். கம்பியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன். எர்த் குழியின் மூடிமேல் சோப்பு டிரம்களும் ஈர மூட்டைகளும் அடுக்கியிருந்தன. அதை நகர்த்த வேண்டும் என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னிக்கு மூணு ஹோட்டல் துணி கெடக்கு. இத நகத்தி வெச்சா எங்க போயிக் காயப்போட? இருவது வருஷமா இங்கதான் நிக்கறோம், எங்களுக்குத் தெரியாததா உன் மீட்டருக்குத் தெரியும்? வாடீ, சாயா ஆறுது" என்றாய்.

வந்தேன். நீ எல்லாரையும் கூப்பிட்டு, "பாத்துக்கோங்க, எங்க எஞ்சினியரம்மா கையெழுத்துப் போட்டாத்தான் இனி இங்க கரண்டே" என்று சொன்னாய். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கசிவு வந்தால் கரண்டை நிறுத்துகிற பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன், கரண்டு பட்டென்று நின்றது. அந்த ஒன்றைத்தான் உண்மையாகச் சோதித்தேன். போன வருஷத்து ரிப்போர்ட்டில் எர்த் ஒன்று புள்ளி ஆறு என்று இருந்தது. உன் மேசைமேல் காகிதத்தை வைத்து ஒன்று புள்ளி ஏழு என்று எழுதினேன். நீ எட்டிப் பார்த்து, "அது என்னடீ நம்பரு?" என்று கேட்டாய். "மண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம்க்கா" என்றேன்.

வேறு யார் வீடாக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பேனோ? நம்முடையதுதானே என்று விட்டுவிட்டேன். நம்முடையது என்றால் அல்லவா கூடுதலாகப் பார்க்க வேண்டும்? யாரிடம் கேட்கிறேன் இதை.

மழை தொடங்கியதும் நீ போன் செய்தாய். நான் கும்பளங்கியில் ஒரு ரிசார்ட் வேலையில் இருந்தேன். "குட்டி, இந்தப் பிரேக்கர் சனியன் ஒரு நாளைக்கு நாலு தடவ விழுது. வேலையே ஓட மாட்டேங்குது." நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எங்கயாவது லீக் இருக்கும்க்கா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்." அதுவரைக்கும் அதைத் தொடாதீர்கள், அது விழுவதே உங்களைக் காப்பாற்றத்தான் என்று சொன்னேனா? சொல்லவில்லை. பின்னால் ஆள் கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. போர்த்திக்கொண்டு தூங்கினேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் ஒரு வயர்மேனைக் கூட்டி வந்து, பிரேக்கரைத் தாண்டி டைரக்டாக இணைப்புக் கொடுக்கச் சொன்னீர்கள். சொன்னது நீதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நீயாகத்தான் இருக்கும். ஹோட்டல் துணிக்கு நேரம் சொல்லிவிட்டால் உனக்கு நிலைகொள்ளாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, ஈரத் தரையில் நின்றுகொண்டு, நீ உன் மேசையின் தகரத்தில் கை வைத்தாய்.

உன் இஸ்திரிப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கடைசி மேசைப் பெட்டியில்தான் கசிவு. எல்லா மேசைகளையும் ஒரே பச்சை வயரால் இணைத்து மண்ணுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கசிகிற கரண்டு அதன் வழியே மண்ணுக்குள் போய்விட வேண்டும், அதற்குத்தான் அந்த வயர். மண்ணுக்குப் போக வழியில்லாததால் அது அதே வயர் வழியாக உன் மேசைக்கு வந்தது. மறுநாள் மூடியைத் தூக்கித் தோண்டினார்கள். நானும் பக்கத்தில் நின்றேன். குழாய் இருந்த இடத்தில் துருதான் இருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. தோண்டியவர், "இது போயிட்டு ரெண்டு மூணு வருஷம் ஆயிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாசியில் அந்த டிரம்களை நகர்த்தியிருந்தால் போதும், அக்கா. மீட்டர்கூட வேண்டாம், கண்ணால் பார்த்திருந்தாலே போதும்.

இதுவரை எழுதியதை மாமா அச்சடிப்பார். பாவம் பிள்ளை, தன்னையே நொந்துகொள்கிறாள் என்பார்கள். இனி எழுதப்போவதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை.

ஒன்பதாம் நாள் சார் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் ஆறுதல் சொன்னார், பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். "போனவ போயி மோளே. இனி நீ ஜீவிக்கணும். உப்பு வெள்ளத்துல குழாய் ஒரே மழையில போகும், இல்லேன்னு யாரு சொல்லப் போறா? பிரேக்கரை எடுக்க வெச்சது அவங்கதானே, அது பொய்யில்லையே" என்று, விபத்தை விசாரிக்கிற ஆபீசுக்குக் கொடுக்க ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் இரண்டே வரி. சோதனை நாளில் எர்த் அளக்கப்பட்டது, சரியாக இருந்தது. செல்வி என்ற பணியாளர் பாதுகாப்புப் பிரேக்கரை நீக்கச் செய்ததே விபத்துக்குக் காரணம்.

கையெழுத்துப் போட்டேன்.

அழுதுகொண்டே போட்டேன் என்று எழுதலாம், ஆனால் அழவில்லை. பேனா எழுதவில்லை. உதறிவிட்டு, சுவரில் வைத்து இன்னொருமுறை எழுதினேன். உன் பெயரைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். உள்ளே உன் போட்டோவுக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய். அம்மா உன்மேல் கோபமாக இருக்கிறாள். என்ன நடந்தது என்று அவள் கேட்டபோது நான் அந்த இரண்டு வரியைத்தான் சொன்னேன். இப்போது தினமும் உன் போட்டோவைப் பார்த்துத் திட்டுகிறாள். "அவசரம், அவசரம், எதுக்கெடுத்தாலும் அவசரம். நல்லா இருந்த பிரேக்கரப் புடுங்கச் சொல்லி உசுர விட்டுட்டியேடீ. தங்கச்சி இஞ்சினியரா இருந்தும் அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்கிறாள். நீ கேட்டாய் என்பது அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குப் பிரேக்கர் என்றால் என்னவென்றே தெரியாது, அந்த வார்த்தையை அவள் வாயில் வைத்தது நான். திட்டி முடித்துவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போடுகிறாள், நானும் சாப்பிடுகிறேன்.

போன திங்கட்கிழமை அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கப் படகேறி எர்ணாகுளம் போனேன். விசாரணை நடக்கிற ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். அளக்கவில்லை என்று சொன்னால் வேலை போகும், இந்தத் தொழிலுக்கு நான் வாங்க வேண்டிய பெர்மிட் இனி கிடைக்காது, கேஸ் வரும். அம்மாவுக்கு மிச்சம் இருக்கிற மகளும் போய்விடுவாள். இதை எல்லாம் வாசலில் நின்று ஒவ்வொன்றாக நினைத்தேன். வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த படகில் திரும்பி வந்தேன்.

சொல்வதால் எதுவும் நல்லதாக நடக்கும் என்று நான் நம்பவில்லை அக்கா. நீ வரப்போவதில்லை. பிரேக்கரை எடுக்கச் சொன்னது நீதான் என்பதும் மாறாது. சார் வேறொரு பெண்ணை எடுப்பார். அவளும் பத்து மாதம் அலைந்து வந்தவளாகத்தான் இருப்பாள், ஒரு புள்ளி கூட்டி எழுதக் கற்றுக்கொள்வாள். எனக்குப் பிடித்த ஒரே வேலை இது, இதை இனி யாரும் எனக்குத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. இருபத்து மூன்று வயதில் என் படிப்பு முடிந்துபோனது. இதற்கு ஆறுதல் சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

பிறகு ஏன் எழுதுகிறேன்? என் கால்களை நான் நம்பவில்லை, அதனால்தான். மறுபடியும் ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிடுவேன். மலர் நாற்பத்தொன்றாம் நாள் எல்லார் கையிலும் இருக்கும். என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பது அதற்கு மறுநாள். ஷெட்டில் உன் பக்கத்து மேசைக்காரர்கள் படித்தபிறகு, எதிர்வீட்டுச் சேச்சியிடம் யாராவது மலையாளத்தில் சொன்னபிறகு, நான் அங்கே போய் வேறு எதைச் சொல்ல முடியும்?

அம்மாவுக்குத் தமிழும் படிக்க வராது, மலையாளமும் வராது. மலர் வந்தால் யாராவது படித்துக் காட்டத்தான் வேண்டும். அது வேறு ஒருவர் வாயாக இருக்கக் கூடாது. இது சத்தியம் அக்கா. முருகேசன் மாமாவிடம் கொடுப்பதற்கு முன்னால், இன்று சாயங்காலமே, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் காகிதத்தை முதலிலிருந்து படிப்பேன். கையெழுத்துப் போட்டேன் என்ற இடம் வரும்போது குரலைத் தாழ்த்த மாட்டேன். அம்மா அடித்தாலும் சரி, எழுந்து போனாலும் சரி, கடைசி வரி வரை நிறுத்த மாட்டேன். நாளைக் காலையிலிருந்து அம்மா உன் போட்டோவைப் பார்த்துத் திட்ட மாட்டாள்.

உன்னைக் குற்றவாளி என்று எழுதிக் கொடுத்த,
உன் ஒரே தங்கை,
திவ்யா